பாறைக்குள் கேட்ட மேளம்

அத்தியாயம் பதினொன்று

ரயில் புத்தூரை விட்டதும் குழந்தை தூங்கிவிட்டது. தாட்சாயணியின் மடியில்தான் தூங்கியது. ரேணிகுண்டாவில் வண்டி குலுங்கி நின்றபோது விழித்தது. கண்ணைத் திறந்தவுடன் எதிர்ப் பலகையைப் பார்த்துக் கையை நீட்டியது.

"பெரிம்மா."

ஓரகத்தி ஜெயம்மா எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது தாட்சாயணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

தாட்சாயணியின் புடவையில் குழந்தையின் எச்சில் ஈரம் இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

பிற்பகல் திருப்பதியில் சினிமா. சாயங்காலம் திருச்சானூர். அங்கே தாயார் முன்னிலையில் குழந்தை செங்கம்மாவை ஜெயம்மாவின் மடியில் வைத்துத் தத்துக் கொடுத்துவிட வேண்டும். பெற்றவள் தாட்சாயணி தன் கையால் கொடுக்க வேண்டும் என்று புரோகிதர் சொல்லி அனுப்பியிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை முடிவான பேச்சு. ஜெயம்மாவின் புருஷன் நாராயணசாமி இலை முன் உட்கார்ந்து தம்பி தணிகாசலத்திடம் கேட்டார். தனக்குப் பிள்ளை இல்லை. திருத்தணிப் பக்கம் நிலம் வாங்கியாகிவிட்டது. பங்குனியில் திருத்தணி மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்துவிடும். இந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிடும். குழந்தை இங்கே இருந்தால் தெலுங்குப் பள்ளிக்கூடம். அங்கே வந்தால் தமிழ் படிக்கும். மூத்ததை எனக்குக் கொடு, உனக்கு இன்னும் பிறக்கும் என்றார்.

தணிகாசலம் சோற்றில் கை வைத்தபடி சொன்னான்.

"உசுரே நீ குடுத்தது. பிள்ளைய இன்னா கேக்கறது."

சமையலறையில் நின்ற மனைவி தாட்சாயணியை அவன் கேட்கவில்லை.

தாட்சாயணிக்கு அன்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. உயிரை யார் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தணிகாசலத்துக்கு மட்டும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஐப்பசி அடைமழையில் நடந்தது அது. மிளகாய்த் தோட்டத்துக்கு வௌவால் எரு வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் மலைக்குப் போனார்கள். ஒருவர் குகைக்குள் போய்ச் சுரண்டிச் சாக்கில் கட்டுவார். மற்றவர் வாயில் நின்று கயிற்றை இழுப்பார். அன்று உள்ளே போனது தம்பி. மேலே இருந்து பாறை சரிந்து வாயை அடைத்தது. கயிற்றின் அறுந்த முனையோடு அண்ணன் ஊருக்கு ஓடி வந்தார்.

ஊர் திரண்டு தோண்டியது. கடப்பாரையால் தட்டினார்கள். கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. சில நாளில் பாறை இடுக்கு வழியே நாற்றம் வந்தது.

எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள்.

அது மழைத்தண்ணீர் புகுந்து செத்த வௌவால்களின் நாற்றம். அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை. வௌவால் எருவோடு பிறந்து வளர்ந்த ஊரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

இன்னும் ஒரு நாள் தோண்டுங்கள் மாமா என்று தாட்சாயணி நாராயணசாமியின் காலைப் பிடித்தாள்.

"நாத்தம் வந்தப்புறம் இன்னாத்த தோண்டறது. ஆவ வேண்டியதப் பாரு."

உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாவிட்டால் அது கிடக்கும் இடத்திலேயே சாவு மேளம் வைப்பது அந்த ஊர் வழக்கம். தாலியும் அங்கேயே இறங்கும். மேளக்காரர் வெங்கடசாமி வந்தார். சுள்ளி கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். சாவு அடி மலையில் ஏறியது. ஒரு கிழவி தாட்சாயணியின் கழுத்தில் கை வைத்தாள். ஜெயம்மா தாட்சாயணியின் கைகளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். தாலி இறங்கியது.

வெங்கடசாமி ஒரு சுற்று அடித்து, தோல் தளர்ந்ததால் நெருப்பில் காட்ட நிறுத்தினார். அந்த இடைவெளியில் பாறை பதில் சொன்னது. கல்லில் கல் மோதும் சத்தம். அவர் அடித்த அதே கணக்கு.

அவர் பறையைக் கீழே போட்டுவிட்டுப் பாறையில் காதை வைத்தார். பிறகு கத்தினார்.

பொழுது சாய்வதற்குள் ஓர் ஆள் நுழையும் வழி திறந்தது. தணிகாசலத்தை வெளியே இழுப்பதற்கு முன்பே ஜெயம்மா ஒரு மஞ்சள் கயிற்றை நனைத்துத் தாட்சாயணியின் கழுத்தில் கட்டிவிட்டாள். நாராயணசாமி கூட்டத்தைப் பார்த்துக் கை கூப்பினார். இது அவனுக்குத் தெரிய வேண்டாம், உடம்பு தேறட்டும் என்றார். அவன் தைரியம் விடாமல் இருக்கத்தான் மேளம் அடித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஊர் ஒப்புக்கொண்டது.

உடம்பு தேறியது. பாறையில் நசுங்கிப் புத்தூர்க் கட்டுப் போட்ட கால் மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றுவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு மதராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ஆள் வந்தார். நாராயணசாமி அவருக்கு நாற்காலி போட்டார். மோர் கொடுத்தார். கதையைச் சொன்னார்.

●

திருப்பதியில் தியேட்டர் வாசலில் பெரிய படுதா கட்டியிருந்தது. ஒரு மலை, ஒரு குகை, குகை வாயில் கை விரித்து நிற்கும் ஒருவர். நெற்றியில் திருமண். அதுதான் அண்ணன்.

நாராயணசாமி அதன் முன் நின்று அண்ணாந்து பார்த்தார். புது அங்கவஸ்திரம் போட்டிருந்தார். பார்த்துவிட்டு அதை ஒரு முறை சரிசெய்துகொண்டார்.

தியேட்டர்க்காரர் ஓடி வந்தார். தெலுங்கில் உபசாரம் செய்தார். தரை டிக்கெட்டுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"அசலு அன்னகாரு வீரே!"

உண்மையான அண்ணன் இவர்தான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் வந்து நாராயணசாமியின் காலைத் தொட்டார். நாராயணசாமி தடுக்கவில்லை.

அசல் தம்பி தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றான். அவனை யாரும் கேட்கவில்லை.

விருந்தாளிகள் என்பதால் அவர்கள் எல்லோருக்கும் ஒரே வரிசையில் நாற்காலி. நாராயணசாமி, தணிகாசலம், தாட்சாயணி, ஜெயம்மா. ஜெயம்மாவின் மடியில் செங்கம்மா முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

படம் ஓடியது. தெலுங்குப் படம்.

குகை சுத்தமாக இருந்தது. ஒரு வௌவால் இல்லை. உச்சியிலிருந்து வெளிச்சம் விழுந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவன் தலை கலையாமல் பாறையில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டு முழுவதும் பாடினான்.

"சோறு துன்னாம இந்தப் பாட்டு பாடறான். துன்னா இன்னா பாடுவான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. தணிகாசலமும் சிரித்தான்.

படத்தில் தாட்சாயணிக்கு இரண்டு பாட்டு. புற்றின் முன் உட்கார்ந்து ஒன்று, மழையில் நனைந்து ஒன்று. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடினாள். அதன் மேல் யாரும் கை வைக்கவில்லை. அவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஆளும் இல்லை. ஓரகத்தி என்று ஒருத்தி அந்தப் படத்திலேயே இல்லை.

ஜெயம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் வாயிலிருந்து விழுந்த முறுக்குத் துண்டைப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

இடைவேளையில் விளக்குகள் எரிந்தன. தியேட்டர்க்காரர் நாராயணசாமியைத் திரைக்கு முன் கூட்டிப்போய் ரோஜா மாலை போட்டார். நாலு வார்த்தை பேசச் சொன்னார். நாராயணசாமி தமிழும் தெலுங்குமாகப் பேசினார். ரத்தம் விட்டுப் போகாது என்றார். பாறைக்குள் என் தம்பி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது என்றார்.

தாட்சாயணி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மரத்தில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

மறுபடியும் இருட்டு.

ஊரார் கடப்பாரைகளைப் போட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். அண்ணன் மட்டும் பாறை மேல் ஏறினார். காற்று அடித்தது. அங்கவஸ்திரம் பறந்தது.

"கொட்டண்டிரா! நா தம்முடு வினாலி!"

அடியுங்கடா, என் தம்பிக்குக் கேட்க வேண்டும். திரையில் பத்துப் பன்னிரண்டு மேளங்கள் ஒரே சமயத்தில் முழங்கின. கல்யாண ஊர்வலம் போல இருந்தது. அண்ணன் பாறையில் காதை வைத்தார். கண்ணீர் வழிந்தது. கேட்கிறது என்று கூவினார்.

வெங்கடசாமி இல்லை. நெருப்பு இல்லை. நிறுத்திய அந்த இடைவெளி இல்லை.

தியேட்டர் கைதட்டியது. விசில் பறந்தது. நாராயணசாமி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பொய்க்காக அழவில்லை. அவர் அதை நம்பத் தொடங்கி ரொம்ப நாளாகியிருந்தது. 

அப்போது தாட்சாயணியின் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

தணிகாசலத்தின் தடி. அதன் நுனி தரையில் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, திரையில் முழங்கும் மேளத்தோடு சேராமல், வேறொரு கணக்கில்.

அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். வெறும் கழுத்தோடு நின்று கேட்டது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கை செய்வது அவனுக்கே தெரியவில்லை.

●

வெளியே வந்ததும் கூட்டம் நாராயணசாமியைச் சூழ்ந்துகொண்டது. ஜெயம்மா குழந்தைக்குத் தண்ணீர் கேட்டு உள்ளே போனாள். எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் தணிகாசலம் காலை நீட்டி உட்கார்ந்தான். தாட்சாயணி எதிரே நின்றாள்.

"அது இன்னா அடி?"

"எது?"

"தடியால தட்டிக்கினு இருந்தியே."

அவன் டீயை ஊதினான். குடிக்கவில்லை.

"உள்ள கேட்ட அடி."

"உள்ள கேட்டது இன்னா அடி?"

"உடு தாட்சா."

"இன்னா அடின்னு கேக்கறேன்."

ஒரு குதிரை வண்டி கடந்து போயிற்று. 

"சாவு அடி. எங்க நைனாவுக்கு அடிச்சதும் அதான். எனக்குத் தெரியாதா?"

தாட்சாயணி பெஞ்சுக்கு இன்னும் கிட்டே வந்து நின்றாள். 

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். உள்ளே இருக்கும்போதே தெரியும் என்றான். கால் பாறைக்கு அடியில். பாதி நேரம் மயக்கம். நாக்கு ஒட்டிக்கொண்டு குரல் வரவில்லை. மேளம் கேட்டதும் தனக்குத்தான் என்று புரிந்தது. கையில் கிடைத்த கல்லை எடுத்து அந்த அடியையே திருப்பி அடித்தான். வேறு அடி எதுவும் ஞாபகம் வரவில்லை என்றான்.

"அப்ப என் கழுத்து?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெளிய இழுத்தப்ப மொதல்ல அதத்தான் பாத்தேன். கயிறு புதுசு. மஞ்சத் தண்ணி சொட்டிக்கினு இருந்தது."

 ஒன்றரை வருஷம். அவன் பக்கத்தில் படுத்து, வாயைக் கட்டி, கனவில்கூட உளறிவிடக் கூடாது என்று பயந்து கழித்த ஒன்றரை வருஷம். புத்தூரில் கட்டுப் பிரித்து எண்ணெய் போடும்போது அவன் அலறுவான். அந்த நேரத்தில்கூட அவள் சொல்லவில்லை. அவன் மனசு தாங்காது என்று நினைத்தாள்.

அவன் எல்லாம் தெரிந்து பக்கத்தில் படுத்திருந்தான்.

"தெரிஞ்சிகினேதான் பிள்ளையக் குடுக்கறேன்னு சொன்னியா?"

"மேளம் வெக்காம இருந்தா நான் உள்ளயே போயிருப்பேன். எந்த மேளமா இருந்தா இன்னா. வெச்சது அவரு."

"வெங்கடசாமி காது கேட்டுது. ஒன் கை அடிச்சுது. அவரு இன்னா செஞ்சாரு? தோண்டாதன்னாரு."

"அவரு தெனம் என் மூஞ்சியப் பாத்துப் பாத்து பயப்படறாரு, தாட்சா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா செத்துப் பூடுவாரு."

"செத்தா மேளம் வெப்பாங்க. நீ ஒக்காந்து பதிலுக்கு அடி."

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் டீயோடு திரும்பிப் பார்த்தார். தணிகாசலம் தடியை இறுகப் பிடித்தான். முகம் கருத்தது. அவளை அடிக்கத்தான் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றாள்.

அவன் டீயைக் கீழே ஊற்றினான்.

"வாக்கு குடுத்துட்டேன்."

"நான் குடுக்கல."

எதிரே நாராயணசாமி கை தட்டிக் கூப்பிட்டார். வண்டி வந்துவிட்டது. மாலையைக் கழற்றாமலே முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்.

●

திருச்சானூரில் குளக்கரை மண்டபத்தில் புரோகிதர் காத்திருந்தார். வெயில் இறங்கியிருந்தது. குளத்தில் நாலைந்து பேர் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நாராயணசாமி புரோகிதரிடம் படத்தைப் பற்றிச் சொன்னார். புரோகிதர் தாமும் பார்த்ததாகச் சொல்லி, அண்ணா என்றால் நீங்கள்தான் அண்ணா என்று தெலுங்கில் புகழ்ந்தார். இப்படிப்பட்டவருக்குப் பிள்ளையைக் கொடுப்பது தம்பியின் பாக்கியம் என்றார்.

தணிகாசலம் தூணில் சாய்ந்து நின்றான்.

பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள், வெற்றிலை, தேங்காய். குழந்தைக்குப் புதுப் பட்டுப் பாவாடை. ஜெயம்மா பலகையில் உட்கார்ந்திருந்தாள். செங்கம்மா வண்டியிலேயே தூங்கிவிட்டிருந்தாள். ஜெயம்மாவின் புடவைத் தலைப்பு அவள் கைக்குள் இருந்தது.

"பிட்டனு இச்சே தல்லி எவரு?"

பிள்ளையைக் கொடுக்கும் தாய் யார் என்று கேட்டார் புரோகிதர். குழந்தை முதலில் பெற்றவள் மடிக்கு வர வேண்டும், பிறகு அவள் எடுத்துத் தர வேண்டும் என்றார்.

"தூங்கறா. இப்டியே இருக்கட்டும் சாமி" என்றாள் ஜெயம்மா.

அப்படிச் செய்யக் கூடாது என்றார் அவர்.

எல்லோரும் தாட்சாயணியைப் பார்த்தார்கள். அவள் பலகைக்கு முன் வந்து உட்கார்ந்தாள். குழந்தையை வாங்கக் கை நீட்டவில்லை. தாம்பாளத்தை இழுத்தாள். தேங்காயை எடுத்துக் கீழே வைத்தாள். வெற்றிலையைக் கீழே வைத்தாள். பாவாடையை மடித்து அதன் மேல் வைத்தாள். தாம்பாளத்தைக் கவிழ்த்தாள்.

"இன்னாம்மா செய்யற?" என்றார் நாராயணசாமி.

அவள் விரல் முட்டியால் அடித்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அடி தப்பவில்லை. ஒரு சுற்று முடியும் முன்பே குளத்தில் கால் கழுவிய ஒருவர் படியில் நின்றுவிட்டார். புரோகிதர் எழுந்துவிட்டார். அது எந்த அடி என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"நிறுத்து" என்றார் நாராயணசாமி.

அவள் நிறுத்தவில்லை.

"தாயார் எடத்துல இன்னா இது. பைத்தியமா? தம்பி, நிறுத்தச் சொல்லு."

அவள் சுற்றை முடித்தாள். கையை எடுத்தாள். வெங்கடசாமி நெருப்பில் காட்ட நிறுத்திய இடம் அதுதான். அவளுக்கு வேறு திட்டம் எதுவும் இருக்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மண்டபம் அமைதியாக இருந்தது.

அப்போது தூணருகே தடி கல் தரையில் இறங்கியது.

ஒரு முறை. பிறகு மறுபடியும். அவள் அடித்த அதே கணக்கில், ஒன்று விடாமல்.

நாராயணசாமி திரும்பினார். தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினான். கடைசி அடி வரை தட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"தம்பி."

"கேட்டுதுண்ணா. அன்னிக்கே கேட்டுது."

நாராயணசாமியின் கை மாலைக்குப் போனது. கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பலகையைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். கையிலேயே வைத்துக்கொண்டார்.

நாற்றம் வந்தது என்று சொன்னார். ஊரே சொன்னது என்றார். தான் மட்டும் என்ன செய்ய முடியும் என்றார். அந்தக் குரல் தியேட்டரில் பேசிய குரல் இல்லை.

"மேளம் வெச்சத நான் கேக்கல மாமா" என்றாள் தாட்சாயணி. "நாத்தம் வந்துது, வெச்ச. யாரா இருந்தாலும் வெச்சிருப்பாங்க. அதச் சொல்லிட்டுப் பிள்ளையக் கேட்டிருக்கணும். மாலையப் போட்டுக்கினு கேக்கற."

நாராயணசாமி படியிறங்கிக் குளத்தருகே போனார். அங்கே நின்ற ஆள் அவரை அடையாளம் கண்டு கும்பிட்டான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனி இங்கே ஒன்றும் நடக்காது என்று சொல்லிப் புரோகிதர் பையைக் கட்டினார். வீட்டுக்குப் போய்த் தலை முழுகுங்கள் என்றார்.

தாட்சாயணி கை நீட்டினாள்.

"குடுங்க அக்கா."

ஜெயம்மா கொடுக்கவில்லை.

தாம்பாளம் கவிழ்ந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தாம்பாளத்தில் அடி விழுந்தபோது ஒரு கையால் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தக் கை இன்னும் அங்கேயே இருந்தது.

"மேளம் வெச்சது அவரு. பொய் சொன்னது அவரு. நான் இன்னா சொன்னேன்?"

"அக்கா."

"கெழவி ஒன் கழுத்துல கை வெச்சப்ப நீ மண்டையப் பாறையில மோதிக்கப் போன. அதுக்குத்தான் ஒன்னப் புடிச்சேன். திரும்பக் கயிறு கட்டினதும் நான்தான். என்னத் தியேட்டர்ல கூப்ட்டாங்களா? படத்துல நான் கீறனா?"

தாட்சாயணி நீட்டிய கையை மடக்கவில்லை.

"நீ புத்தூர்ல புருஷங்கூட இருந்த. மாசக்கணக்கா. இவ பால் மறந்தது என்கிட்ட. அம்மை போட்டது என்கிட்ட. வேப்பெலய வெச்சிகினு ராப்பகலா ஒக்காந்தேன். நீ ஒரு தரம் வந்து எட்டிப் பாத்த. கட்டு கலைஞ்சிடும்னு ஓடிப் பூட்ட."

அவள் குரல் உயரவில்லை.  காலையிலிருந்து தாட்சாயணியிடம் கோபம் இருந்தது. நாராயணசாமிக்கு, தணிகாசலத்துக்கு, அந்தப் புற்று முன் பாடியவளுக்கு. ஜெயம்மாவுக்கென்று எடுத்து வைத்த கோபம் எதுவும் இல்லை.

"எம் பிள்ள அக்கா."

"இல்லன்னு யாரு சொன்னா?"

தணிகாசலம் தடியை ஊன்றி ஓர் அடி முன்னால் வந்தான். அண்ணி என்று ஆரம்பித்தான். ஜெயம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பேசாத. நீ ரெண்டு பக்கமும் வாக்கு குடுப்ப."

அவன் நின்றுவிட்டான்.

ஜெயம்மா குழந்தையின் முகத்தில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கினாள்.

"தூங்கறவள எழுப்பாத. தானா எழட்டும். எழுந்து யாரப் பாத்து கை நீட்றாளோ அவ தூக்கிக்கினு போவட்டும். நீ எடுத்துக்கினு போனா நான் திருத்தணி போறேன், திரும்பிப் பாக்க மாட்டேன். என்கிட்ட வந்தா நீ குறுக்க நிக்கக் கூடாது."

காலையில் ரேணிகுண்டாவில் நீண்ட கை தாட்சாயணியின் கண் முன் வந்தது. ஜெயம்மாவுக்கும் அது நினைவிருந்தது. அதனால்தான் கேட்கிறாள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பிடுங்கிக்கொண்டும் போயிருக்கலாம். சட்டமும் அவள் பக்கம், ஊரும் அவள் பக்கம். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஜெயம்மாவின் கை இன்னும் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. தாம்பாளத்தை அடித்தபோது தனக்கு அது தோன்றவே இல்லை என்று தாட்சாயணிக்குப் புரிந்தது.

அவள் பலகையின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். குழந்தை கண் திறந்தால் தன் முகம்தான் முதலில் தெரிய வேண்டும். ஜெயம்மா அதைக் கண்டுகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் தலையைத் திருப்பவும் இல்லை. காதிலிருந்து கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, சிறு விரல்களுக்குள் இருந்த புடவைத் தலைப்பை மெல்ல உருவிக்கொண்டாள்.

கோயிலுக்குள் சாயங்கால பூஜை மேளம் தொடங்கியது.

செங்கம்மாவின் கால் அசைந்தது. வெறுமையான கை எதையோ தேடி மூடித் திறந்தது.

பிறகு கண்ணைத் திறந்தாள்.